மாஸ்க்குக்கு 95 மார்க், நம்ம மூஞ்சிக்கு எத்தன?

போன இதழ்ல கல்லுத் தூசியப் பத்தி எழுதுனாலும் எழுதுனேன், வந்த கேள்வியில முக்காவாசி மாஸ்க் பத்திதான். அதனால இந்த மாசம் பூராவும் அதையே எடுத்துக்கிட்டேன், எர்த்திங் கேட்டவங்க, தீயணைக்கிற சிலிண்டர் கேட்டவங்க எல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கங்க. ஒரே மாதிரி இருந்த கேள்விகள ஒண்ணாச் சேத்துட்டேன். பேரு வேணாம்னு நெறைய பேரு சொன்னதால எல்லாருக்குமே ஊரும் தொழிலும் மட்டும்தான் போட்டிருக்கு.

கேள்வி: சார், எங்க பட்டறையில ஓனர் நல்ல மாஸ்க்தான் வாங்கித் தர்றாரு, என்95னு மேல போட்டிருக்கு. நானும் போட்டுத்தான் வேல பாக்குறேன், ஆனா வீட்டுக்குப் போயி மூக்கு சிந்துனா வெள்ளையா மாவு மாதிரி வருது. கேட்டா "95 தடுக்கும், மிச்சம் அஞ்சு வரத்தானடா செய்யும்"னு சொல்றாய்ங்க. இது அந்த அஞ்சுதானா?
(கிரானைட் பாலிஷ் பட்டறைத் தொழிலாளி, மேலூர்)

அந்த அஞ்சு இல்ல தம்பி, இது ஓரத்துல நுழையுற கணக்கு.

95ங்கற நம்பர் எங்கருந்து வந்துச்சுன்னு மொதல்ல பாத்துருவோம். அமெரிக்காவுல நயோஷ்னு ஒரு அரசு நிறுவனம் இருக்கு, 1995-ல இருந்து நடப்புல இருக்குற அவங்க விதியிலதான் இந்த என்95 வருது. மாஸ்க்க ஒரு தட்டு மேல வச்சு ஓரம் பூராவும் காத்து ஒழுகாம அடைச்சுட்டு, கிட்டத்தட்ட 0.3 மைக்ரான் அளவுல உப்புத் துகள் கலந்த காத்த நிமிஷத்துக்கு 85 லிட்டர் வேகத்துல அதுக்குள்ள செலுத்துவாங்க, நூத்துக்கு 95 துகளாவது அங்கயே நின்னுட்டா பாஸ். கவனிச்சீங்களா, அந்த டெஸ்ட்டுல மூஞ்சியே கெடையாது. மூக்கு கெடையாது, தாடை கெடையாது, வெத்தல மென்னுகிட்டே பேசுற வாயும் கெடையாது. அது அந்த துணிக்குக் குடுத்த மார்க், உங்களுக்குக் குடுத்தது இல்ல.

காத்து எப்பவும் சுலபமான வழியாத்தான் வரும். துணி வழியா வர்றதுக்கு அது கஷ்டப்படணும், மூக்கு ஓரத்துல ஒரு சந்து கெடச்சா சர்ருன்னு வந்துரும். கொசுவலை எம்புட்டு நெருக்கமா நெய்திருந்தாலும் ஒரு மூலைய மடிக்காம விட்டா கடி வாங்குறோம்ல, அதே கததான். வெளிய ஒரு அளவு காத்துல 1000 துகள் இருக்குன்னு வச்சுக்கங்க. துணி வழியா தப்பி வர்றது அதிகபட்சம் 50. ஓரத்துல பத்துல ஒரு பங்கு காத்து ஒழுகுதுன்னா அந்த வழியில மட்டும் 100 வந்துரும். இதுல ஓனர்ட்ட சண்ட போட்டு 99 பர்சன்ட் தடுக்குற மாஸ்க் வாங்குனாலும் 50ங்கறது 10 ஆகும், அந்த 100 அப்படியே 100-ஆதான் நிக்கும். வெலை கூடுனா பாதுகாப்பு கூடும்னு நெனைக்கிறவங்க இந்தக் கணக்க ஒரு தடவ போட்டுப் பாத்தாப் போதும்.

இன்னைக்கு வேல முடிஞ்சதும் மூஞ்சி கழுவுறதுக்கு முன்னாடி மாஸ்க்க கழட்டிட்டு கண்ணாடியில பாருங்க. மாஸ்க் மூடியிருந்த எடம் சுத்தமா, அதுக்கு வெளிய வெள்ளையா, நடுவுல கோடு கிழிச்சு பிரிச்ச மாதிரி இருக்கணும். கண்ணுக்குக் கீழ மூக்கோட ரெண்டு பக்கமும் வெள்ளக் கீத்து உள்ள எறங்கியிருந்தா அதுதான் தூசி வந்த பாதை. மாஸ்க்கோட உள்பக்கத்தையும் திருப்பிப் பாருங்க, ஓரத்துல இருந்து நடுவ நோக்கி கோடு கோடா தூசி படிஞ்சிருக்கும். வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா நல்லாவே தெரியும். எந்தப் பக்கம் கோடு இருக்கோ அந்தப் பக்கம் ஓட்டை. ஆனா ஒண்ணு, கோடே இல்லன்னா ஓட்டையே இல்லன்னு எடுத்துக்காதீங்க, கண்ணுக்குத் தெரியாத அளவு தூசி கோடு போடாது.

நான் பாத்த வரைக்கும் நம்ம பக்கத்துப் பட்டறைகள்ல ரெண்டு பழக்கம் இருக்கு. ஒண்ணு, மாஸ்க்குல ரெண்டு பட்டை இருந்தா கீழ்ப்பட்டைய வெட்டி விட்டுர்றது இல்லன்னா தாடைக்குக் கீழ தொங்க விட்டுர்றது. கேட்டா "கழுத்துல இறுக்குது சார்". அந்தக் கீழ்ப்பட்டைதான் தாடையப் பிடிச்சு வைக்குது, அது இல்லன்னா பேசும்போதெல்லாம் மாஸ்க் தெறந்து தெறந்து மூடும். மேல்ப்பட்டை உச்சந்தலைக்குப் பின்னால, கீழ்ப்பட்டை காதுக்குக் கீழ பிடரியில, ரெண்டும் குறுக்கால போகக்கூடாது. இன்னொண்ணு, மூக்குத் தகட்ட ஒத்தக் கையால கிள்ளி விடுறது. அப்படிக் கிள்ளுனா நடுவுல கூடாரம் மாதிரி மடங்கி ரெண்டு பக்கமும் சந்து விழுந்துரும். ரெண்டு கை வெரலையும் நடுமூக்குல வச்சு ஒரே நேரத்துல கன்னத்துப் பக்கமா அழுத்திக்கிட்டே வரணும். இது ரெண்டையும் சரி பண்ணியும் கோடு விழுந்தா அந்த மாடல் உங்க மூஞ்சிக்கு ஆகலன்னு அர்த்தம், வேற வடிவம் பாருங்க.

அப்புறம் இந்த டீக்கு எறக்குறது, பீடிக்கு எறக்குறது, போன் வந்தா எறக்குறது, மிஷினு மட்டும் பக்கத்துல ஓடிக்கிட்டேதான் இருக்கும். தூசிய பத்துல ஒரு பங்கா கொறைக்கிற மாஸ்க்க 8 மணி நேர வேலையில 48 நிமிஷம் எறக்கிட்டீங்கன்னா, மொத்தத்துல உள்ள போற தூசி கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிரும். எறக்கணும்னா வெளிய வந்து எறக்குங்க.

கடைசியா ஓனருக்கும் ஒண்ணு சொல்லணும். கல்லுத் தூசியில இருக்குற சிலிக்கா நுரையீரல்ல படிஞ்சா சிலிகோசிஸ், அதுக்கு குணமாக்குற வைத்தியம் இன்னும் கெடையாது, மேற்கொண்டு காசநோய் வர்ற வாய்ப்பும் ஏறிரும். சட்டப்படி கண்டிப்பா தகவல் குடுக்க வேண்டிய நோய் பட்டியல்ல இது இருக்கு. மொதல்ல செய்ய வேண்டியது அறுக்குறப்பவும் தேய்க்கிறப்பவும் தண்ணி விடுறது, தூசிய உறிஞ்சி எடுக்குற ஏற்பாடு பண்றது, மாஸ்க் அதுக்கெல்லாம் அப்புறம்தான். நீங்க வருசத்துக்கு ஒரு தடவ ராஜாஜி ஆஸ்பத்திரியிலயோ தோப்பூர்லயோ நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கங்க தம்பி. தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: சார், டிபி பேஷண்ட்ஸ் வர்ற வார்டுல டியூட்டி. ஒரே மாடல் மாஸ்க்தான் ஸ்டோர்ல குடுக்குறாங்க. கூட இருக்குற பிரதர்ஸுக்கு கச்சிதமா நிக்குது, எனக்கு தாடைகிட்ட தொளதொளன்னு இருக்கு, குனிஞ்சா கண்ணு வரைக்கும் ஏறிருது. இன்சார்ஜ்கிட்ட சொன்னா "எல்லாருக்கும் அதான், நல்லா இறுக்கிப் போடுங்க"ங்குறாங்க. தப்பு எம் மேலயா?
(தனியார் ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ், மதுரை)

உங்க மேல ஒரு தப்பும் இல்ல சிஸ்டர். அந்த மாஸ்க் யாரோட மூஞ்சிய மனசுல வச்சு செஞ்சதுன்னு கேக்கணும்.

அமெரிக்காவுல 1970-கள்ல மாஸ்க் அளவ சரி பாக்க 25 பேர் கொண்ட ஒரு மூஞ்சிப் பட்டியல் போட்டாங்க, லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துல. அதுக்கு அடிப்படையா எடுத்துக்கிட்டது 1960-கள் கடைசியில அவங்க விமானப்படை ஆளுங்கள அளந்த கணக்கு. ரொம்ப வருசம் அதான் ஓடுச்சு. அப்புறம் 2003-ல நயோஷ்காரங்க உண்மையிலேயே மாஸ்க் போட்டு வேல பாக்குறவங்க கிட்டத்தட்ட 4,000 பேர அளந்து பாத்தா, சுமார் 15 சதவீதம் பேரு அந்தப் பழைய பட்டியலுக்குள்ளயே வரல. இது அவங்க நாட்டு ஆளுங்களுக்கே. 2006-ல சீனாவுல 3,000 தொழிலாளிங்கள அளந்தாங்க, அங்க மூஞ்சி அகலம் கூட, நீளம் கம்மி, மூக்கு அவ்வளவு எடுப்பா இல்ல. மூக்குத்தண்டு தாழ்வா இருந்தா தகடு எம்புட்டு அழுத்துனாலும் கண்ணோரத்துல சந்து நிக்கும், தாடை சின்னதா இருந்தா நீங்க சொல்ற மாதிரி கீழ தொளதொளங்கும். இப்போ உலகத் தரத்துலயே அஞ்சு விதமான தலை மாதிரி வச்சிருக்காங்க: சின்னது, நடுத்தரம், பெருசு, நீளமா ஒடுக்கமானது, குட்டையா அகலமானது. மனுச மூஞ்சி இப்படி இருக்கையில ஸ்டோர்ல ஒரே டப்பா வச்சுக்கிட்டு எல்லாருக்கும் அதான்னு சொன்னா எப்படி? மாஸ்க் மூஞ்சிக்குச் சேருதான்னு பல நாட்டு ஆஸ்பத்திரிகள்ல வச்ச டெஸ்ட்டுகள ஒண்ணாச் சேத்துப் பாத்ததுலயும் பொம்பளைங்க, அதுலயும் ஆசியப் பொம்பளைங்க, மொத தடவையில பாஸ் ஆகுறது கொறச்சலாத்தான் இருந்திருக்கு.

இறுக்கிப் போடுறது தீர்வே இல்ல. அளவு சேராத மாஸ்க்க இறுக்குனா ஒரு பக்கம் பதிஞ்சு இன்னொரு பக்கம் தூக்கும், மூக்குத்தண்டுல புண்ணு வர்றதுதான் மிச்சம்.

நீங்க கேக்க வேண்டியது ஃபிட் டெஸ்ட், அதாவது மாஸ்க் ஓரம் ஒழுகாம உங்க மூஞ்சிக்குச் சேருதான்னு பாக்குற சோதனை. அமெரிக்காவுல தொழிலாளி பாதுகாப்புச் சட்டப்படி மாஸ்க் போட்டு வேல பாக்குற ஒவ்வொருத்தருக்கும் வேலையில போட வைக்கிறதுக்கு முன்னாடியும், அப்புறம் வருசா வருசமும் இத நடத்தணும். பெரிய மிஷின் ஒண்ணும் வேணாம். தலைக்கு மேல ஒரு கண்ணாடிப் பை மாட்டுவாங்க, முன்னாடி சின்ன ஓட்டை, அது வழியா சாக்கரின் இல்லன்னா பிட்ரெக்ஸ் கரைசல பீச்சுவாங்க. சாக்கரின் இனிக்கும். பிட்ரெக்ஸ்ங்கறது குடிக்கக்கூடாத ஸ்பிரிட்டுல கலக்குற கசப்பு, வேப்பங்கொழுந்தெல்லாம் கிட்டக்கூட வராது. மொதல்ல மாஸ்க் இல்லாமயே லேசான கரைசல பீச்சி, நாக்குல ருசி தட்டுதான்னு பாப்பாங்க, சிலருக்கு தட்டவே தட்டாது, அவங்களுக்கு வேற முறைதான். அதுக்கப்புறம் மாஸ்க்கோட ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம்: சும்மா மூச்சு விடுறது, ஆழமா விடுறது, தலைய இடம் வலமா திருப்புறது, மேல கீழ ஆட்டுறது, பேசுறது, இடுப்ப வளைச்சு குனியுறது, மறுபடி சும்மா மூச்சு. பேசுறதுக்கு 100-ல இருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுவாங்க. நடுவுல எங்கயாச்சும் நாக்குல ருசி வந்துச்சுன்னா அந்த மாடல் உங்களுக்கு ஃபெயில், வேற மாடல். டெஸ்ட்டுக்கு முன்னாடி 15 நிமிஷம் டீ, காபி, பபுள்கம் எதுவும் வேணாம், தண்ணி மட்டும் குடிக்கலாம். ருசிய நம்பாம மிஷின் வச்சு வெளிய எத்தன துகள், உள்ள எத்தன துகள்னு எண்ணிப் பாக்குற முறையும் உண்டு, அதுல வெளிய இருக்குறது உள்ள இருக்குறத விட 100 மடங்காவது இருந்தாத்தான் இந்த வகை மாஸ்க்குக்குப் பாஸ்.

குனிஞ்சா ஏறிருதுன்னு நீங்களே எழுதிட்டீங்க, டெஸ்ட் வச்சா குனியுற எடத்துலயே ஃபெயில் ஆயிரும். இன்சார்ஜ்கிட்ட வாய்மொழியா கேக்காம தொற்றுத் தடுப்புக் கமிட்டிக்கு எழுத்துல குடுங்க. ரெண்டு அளவு, ரெண்டு வடிவம் ஸ்டோர்ல இருக்கணும்னு கேளுங்க. கூர்ப்பா வாத்து மூக்கு மாதிரி மடிச்ச வகையும், மூணு மடிப்பா தாடைக்குக் கீழ தனி மடல் வர்ற வகையும் சின்ன மூஞ்சிக்கு பல பேருக்கு சேருது, ஆனா உங்களுக்கு சேருமான்னு டெஸ்ட்தான் சொல்லணும். அதுவரைக்கும் பேஷண்டுக்கு சாதா சர்ஜிக்கல் மாஸ்க் போட வைங்க, ஜன்னலத் தெறந்து வைங்க. பேஷண்டுக்கு சர்ஜிக்கல், ஸ்டாஃப்புக்கு என்95, இதத் தலைகீழா மாத்திப் போடுற வார்டுகளும் இருக்கு.

கேள்வி: மாஸ்க் போட்டா கண்ணாடியில பனி படியுது, போர்டே தெரியல. மருந்து தடவுனா போகுமாமே?
(பள்ளிக்கூட வாத்தியார், திருமங்கலம்)

பனி போகும் சார், ஓட்டை போகாது. விடுற மூச்சு மூக்கு ஓரமா மேல வந்து கண்ணாடியில படியுதுன்னா இழுக்குற காத்தும் அதே வழியாத்தான் உள்ள போகுது. தகட்ட சரியா அழுத்திட்டு கண்ணாடிய மாஸ்க்குக்கு மேல ஏத்தி வைங்க. அப்பவும் படிஞ்சா மாடல மாத்துங்க. சாக்பீஸ் தூசிக்கு இம்புட்டு வேணுமான்னு கேட்டா, ஈரத்துணியால போர்டு தொடச்சாலே பாதி வேல முடிஞ்சது.

கேள்வி: சார், நான் தாடி வச்சிருக்கேன், மார்க்கம் சம்பந்தப்பட்டது, எடுக்க முடியாது. கார் பெயிண்டிங் ஷாப்புல ஸ்ப்ரே அடிக்கிற வேல. தூசி மாஸ்க் போட்டும் தின்னர் வாட அப்படியே அடிக்குது, தலை கிறுகிறுங்குது. தாடிதான் காரணமா?
(கோரிப்பாளையம், மதுரை)

பாய், உங்களுக்கு ரெண்டு பிரச்சின இருக்கு, தாடி ரெண்டாவதுதான்.

மொதலாவது, நீங்க போடுறது தூசி மாஸ்க்னு எழுதியிருக்கீங்க. அது துகளத்தான் நிறுத்தும். தின்னர் வாடங்கறது ஆவி, அது அந்தத் துணிக்குள்ள நடந்து போயிரும். அதுக்கு ரப்பர் மாஸ்க்குல ரெண்டு பக்கமும் கரி நெறப்புன கேட்ரிட்ஜ் மாட்டணும், பெயிண்ட் துளி அடைக்காம இருக்க அதுக்கு முன்னாடி தூசி ஃபில்டரும் வேணும். வாட வர ஆரம்பிச்சா கரி தீந்துருச்சு, இல்ல ஓரம் ஒழுகுதுன்னு அர்த்தம். ஆனா வாட வர்ற வரைக்கும் காத்திருந்து மாத்துறது சரியான முறை இல்ல, கம்பெனி குடுக்குற நேரக் கணக்குப்படி மாத்தணும். ஹார்டனர் கலந்து அடிக்கிற ரெண்டு டப்பா பெயிண்ட்டுல ஐசோசயனேட்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு வாடையே தெரியாது, ஒரு தடவ ஒத்துக்காமப் போச்சுன்னா ஆஸ்துமா மாதிரி ஆயுசுக்கும் தொந்தரவு. அந்த வேலைக்கு வெளியில இருந்து சுத்தமான காத்து குழாய் வழியா வர்ற மாஸ்க்தான் சரி, பூத்துல உறிஞ்சு ஃபேனும் ஓடணும்.

இப்ப தாடி. ரப்பரோ துணியோ, மூஞ்சியில ஒட்டி நிக்கிற மாஸ்க் எதுவா இருந்தாலும் ஓரம் தோல்ல படியணும். நடுவுல முடி இருந்தா முடிக்கும் முடிக்கும் இடையில காத்து போகும், ரெண்டு நாள் சவரம் பண்ணாத குத்து முடியே ஒழுக விட்டுரும். மீசை மட்டும்னா ஓரத்துக்குள்ள அடங்கிட்டா பிரச்சின இல்ல. தாடி எடுக்க முடியாதவங்களுக்கு வழி இருக்கு. தலையோட மூடுற ஹூட் மாதிரி, இடுப்புல பேட்டரி ஃபேன் வச்சு சுத்தமான காத்த உள்ள தள்ளுற வகை இருக்கு, தொளதொளன்னு இருக்குற அந்த ஹூட்டுக்கு ஃபிட் டெஸ்ட்டே தேவையில்ல. நீங்க அடிக்கிற பெயிண்ட்டுக்கு இதே மாதிரி ஹூட்ல காத்துக் குழாய் மாட்டுனது வாங்கிட்டா ஒரே செலவுல ரெண்டும் முடிஞ்சுரும். செலவு கூடத்தான், ஷாப்புக்காரர்ட்டதான் கேக்கணும்.

2020 கொரோனா சமயத்துல இங்கிலாந்துல இருக்குற சீக்கிய டாக்டர்கள் ஒரு வேல செஞ்சாங்க. தாடிய வழக்கமா துணியால கட்டி வைப்பாங்கல்ல, அந்த வழக்கத்த வச்சே அகலமான ரப்பர் பட்டைய தாடைக்குக் கீழ குடுத்து தாடிய முழுசா மூடி உச்சந்தலையில முடிச்சுப் போட்டு, அதுக்கு மேல மாஸ்க் போட்டு ஃபிட் டெஸ்ட் எடுத்தாங்க, பெரும்பாலானவங்க பாஸ். சிங் தாட்டா (Singh Thattha) முறைன்னு அதுக்குப் பேரே வந்துருச்சு, தாட்டாங்கறது தாடி கட்டுற அந்தத் துணி. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. ஆனா அது ஆஸ்பத்திரியில துகளுக்காக, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டெஸ்ட் வச்சுப் பண்ணது. தின்னர் ஆவிக்கு அத நம்பி நீங்க இறங்க வேணாம் பாய்.

கேள்வி: அண்ணே, அரிசி மில்லுல தவிட்டுத் தூசிக்கு மாஸ்க் தர்றாங்க. மூக்குத்தி உறுத்துது, கொண்டையில பட்டை நிக்க மாட்டேங்குது, பூ வச்சா வழுக்கிக்கிட்டே போகுது. காதுல மாட்டுற மாஸ்க்கே வாங்கிக்கவா?
(உசிலம்பட்டி)

காதுல மாட்டுறது பெரும்பாலும் இறுக்கம் பத்தாது தங்கச்சி, தலையில மாட்டுறதையே போடுங்க. மூக்குத்தி மாஸ்க்குக்கு உள்ளதான் வரும், ஓரம் அதுக்கும் மேல மூக்குத்தண்டுல படியுது, அதனால ஒழுகாது. உறுத்துனா சின்னக் கல்லா மாத்திக்கங்க. கொண்டைய தாழ்வா போடுங்க, மேல்ப்பட்டை கொண்டைக்கு மேல, கீழ்ப்பட்டை கொண்டைக்குக் கீழ பிடரியில, முடிக்கு அடியில போகணும். சேலைத் தலைப்பையோ துண்டையோ மாஸ்க்குக்கு உள்ள விட்டுக்கட்டுறத நான் பாத்திருக்கேன், வேர்வைக்கு நல்லதுதான், ஆனா ஓரத்துல துணி மாட்டுனா தூசிக்கு அதுவே வாசல். துண்ட மாஸ்க்குக்கு மேல கட்டிக்கங்க. பூவ மில்லு விட்டு வந்து வச்சுக்கங்க, மதுரையில மல்லிக்கா பஞ்சம்.

கேள்வி: மாஸ்க்க சோப்பு போட்டுத் துவைச்சு வெயில்ல காயப்போட்டு மறுபடி போடலாமா? கொரோனாவுல இருந்து அப்படித்தான் பண்றோம்.
(தச்சுப் பட்டறை, திருப்பரங்குன்றம்)

பண்ணாதீங்க அண்ணே. அந்தத் துணி தூசிய பிடிக்கிறது இழை நெருக்கத்துனால மட்டும் இல்ல, இழையில ஒரு மின்னூட்டம் ஏத்தி வச்சிருக்காங்க, சின்னத் துகள இழுத்து ஒட்ட வைக்கிறது அதான். சோப்பும் சானிடைசரும் பட்டா அந்த மின்னூட்டம் போயிரும், பாக்க புதுசு மாதிரிதான் இருக்கும், உள்ள வேல நடக்காது. பட்டை தொளதொளத்தா, தகடு வளைஞ்சு வளைஞ்சு ஒடிஞ்சா, மூச்சு இழுக்க கஷ்டமா இருந்தா, கடுசா அழுக்கேறுனா தூக்கிப் போட்டுருங்க. மரத்தூசிக்கு தினமும் ஒண்ணு கட்டுபடியாகலன்னா, ரப்பர் மாஸ்க் வாங்குங்க, அத துடைச்சுக் கழுவிக்கலாம், ஃபில்டர் மட்டும் மாத்துனாப் போதும், அதுல சின்னது நடுத்தரம் பெருசுன்னு அளவும் பெரும்பாலும் கெடைக்குது.

கேள்வி: பையனுக்கு ஏழு வயசு, வீசிங் இருக்கு. ரோட்டுத் தூசிக்கு குழந்தைங்க என்95 வாங்கலாமா?
(அவனியாபுரம்)

நயோஷ் சான்று வேலை பாக்குற பெரியவங்களுக்கான மாஸ்க்குக்கு மட்டும்தான் தர்றாங்க, குழந்தை அளவுல அந்தச் சான்று கெடையாது. அதனால டப்பாவுல குழந்தை படம் போட்டு நயோஷ்னு எழுதியிருந்தா கடைக்காரர்ட்டயே திருப்பிக் குடுத்துருங்கம்மா. வீசிங் உள்ள புள்ள மூச்சு முட்டுனா அவனே கழட்டி வீசிருவான். வண்டி ஓடுற நேரத்துல மெயின் ரோட்ட விட்டுட்டு தெரு வழியா கூட்டிட்டுப் போங்க, இன்ஹேலர் விஷயத்த டாக்டர்ட்ட கேளுங்க.

கேள்வி: அய்யா, வெத்தலக் கொடிக்காலுக்கு மருந்தடிக்கையில துண்டுதான் கட்டுவோம். மகன் என்95 வாங்கியாந்தான். போதுமா? கெணறு தூர் வார இறங்கும்போதும் இதையே போட்டுக்கலாமான்னு கேக்குறான்.
(சோழவந்தான்)

ரெண்டாவது கேள்விக்குத்தான் மொதல்ல பதில், ஏன்னா அதுலதான் உசுரு போகும். கெணறு, செப்டிக் டேங்க், மூடுன குழி, இதுல எந்த ஃபில்டர் மாஸ்க்கும் பிரயோஜனம் இல்ல அண்ணே. என்95-ம் இல்ல, கேட்ரிட்ஜ் மாஸ்க்கும் இல்ல. ஃபில்டர் இருக்குற காத்த வடிகட்டும், இல்லாத ஆக்சிஜன கொண்டாராது. சாதா காத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம், 19.5-க்குக் கீழ போனாலே அந்த எடத்த ஆக்சிஜன் கம்மின்னு கணக்குல எடுக்குறாங்க. பாழுங்கெணத்துல, செப்டிக் டேங்க்ல அதுக்கும் ரொம்பக் கீழ போயிரும், கூட விஷ வாயுவும் சேந்துக்கிரும். ஒருத்தர் மயங்கி விழுந்தா அவரத் தூக்க எறங்குறவரும் விழுந்துருவாரு. காத்து சோதிச்சுப் பாக்காம, முதுகுல காத்து சிலிண்டரும் இடுப்புல கயிறும் மேல ஆளும் இல்லாம எறங்கவே கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாம செப்டிக் டேங்க்ல ஆள எறக்கி சுத்தம் பண்ண வைக்கிறது 2013 சட்டப்படி குத்தமும்கூட. மகன்ட்ட இத வாசிச்சுக் காட்டுங்க.

மருந்தடிக்கிறதுக்கு துண்டு வேணாம், நனஞ்சா மருந்த மூக்குகிட்டயே பிடிச்சு வச்சுக்கிரும். டப்பாவுல முக்கோணம் பாருங்க: செவப்பு ரொம்பக் கொடூரம், மஞ்சள் அதுக்கடுத்து, நீலம், பச்சைன்னு கொறஞ்சுக்கிட்டே வரும். எந்த மாஸ்க் போடணும்னு லேபிள்ல என்ன போட்டிருக்கோ அதான் கணக்கு. துளிக்கு மட்டும்னா தூசி மாஸ்க் ஓரளவு தாங்கும், ஆவியாகுற மருந்துக்கு கேட்ரிட்ஜ் வேணும். பந்தலுக்குள்ள அண்ணாந்து அடிக்கிற வேல இது, தலை நிமித்துனா மாஸ்க் தாடையில தெறக்குதான்னு நிழல்ல நின்னு மொதல்ல பாத்துக்கங்க. காத்தடிக்கிற திசைக்கு எதுத்தாப்புல நிக்காதீங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

கேள்வி: வால்வு வச்சது நல்லதா, வைக்காததா?
(பலர்)

தூசி வேலைக்கு வால்வு நல்லது, விடுற மூச்சு சுலபமா வெளிய போகும், நம்ம ஊரு சித்திர வெயிலுக்கு அது பெரிய உபகாரம். ஆனா அந்த மூச்சு வடிகட்டாமத்தான் போகுது. அதனாலதான் 2020 ஜூலையில மத்திய அரசு சுகாதாரப் பிரிவு பொதுமக்கள் வால்வு வச்சத போட வேணாம்னு மாநிலங்களுக்கு எழுதுச்சு. ஆஸ்பத்திரியில வேணாம், பட்டறையில போடுங்க.

கேள்வி: ஃபிட் டெஸ்ட் கிட்டுக்கெல்லாம் எங்க போறது சார். நாலு பேரு வேல பாக்குற லேத் பட்டறை. கடையில வாங்கும்போதே ஒரிஜினலா, நமக்கு சேருமான்னு எப்படிப் பாக்குறது?
(கப்பலூர்)

ஒரிஜினல் பாக்குறது சுலபம். நம்ம நாட்டுத் தரம்னா ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 9473ங்கற நம்பர், பக்கத்துல சிஎம்/எல்னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பர், மூணும் இருக்கணும். பிஐஎஸ் கேர்னு நம்ம அரசு தர நிர்ணய அமைப்போட ஆப் இருக்கு, அதுல அந்த லைசென்ஸ் நம்பரப் போட்டா எந்தக் கம்பெனி, லைசென்ஸ் உசுரோட இருக்கான்னு வந்துரும். இதுல எஃப்எஃப்பி1, 2, 3னு மூணு வகுப்பு, ஐரோப்பாத் தரத்துலயும் இதே மூணுதான். எஃப்எஃப்பி2ங்கறது துணி 94 சதவீதம் தடுக்கணும், அதோட ஐரோப்பாவுல 10 பேருக்கு மாட்டி நடக்கவிட்டு ஓர ஒழுகலையும் சேத்து அளக்குறாங்க, அதுல 8 பேருக்காவது சராசரி 8 சதவீதத்துக்குள்ள நிக்கணும். மூஞ்சியையும் டெஸ்ட்டுல சேத்த வகையில அவங்களப் பாராட்டணும், ஆனா அந்த 10 பேருல உங்க மூஞ்சி மாதிரி ஒண்ணு இருந்துச்சான்னு நமக்குத் தெரியாதுல்ல. அமெரிக்கத் தரம்னா நயோஷ் பேரும் டிசி-84ஏ (TC-84A)ன்னு ஆரம்பிக்கிற நம்பரும் இருக்கும். இது எதுவும் இல்லாம என்95னு மட்டும் அச்சடிச்சு கவர்ல தொங்குறத வாங்காதீங்க.

சேருமான்னு பாக்க, நாலு பேருக்கும் சேத்து ஒரே டப்பா வாங்காம மூணு வடிவத்துல ரெண்டு ரெண்டா சில்லறையா வாங்குங்க. கிண்ணம் மாதிரி ஒண்ணு, மூணு மடிப்பு ஒண்ணு, நடுவுல செங்குத்தா மடிக்கிறது ஒண்ணு. போட்டுட்டு ரெண்டு உள்ளங்கையாலயும் லேசா மூடி மூச்ச வெளிய விடுங்க, கண்ணோரத்துலயோ கன்னத்துலயோ காத்து படக்கூடாது. வால்வு வச்சதுன்னா ரெண்டு கையாலயும் மாஸ்க் பூராவையும் மூடிக்கிட்டு மூச்ச இழுங்க, மாஸ்க் லேசா உள்ள ஒட்டணும். இது ஃபிட் டெஸ்ட்டுக்கு மாத்து கெடையாது, சேராதத ஒதுக்கத்தான் உதவும், ஆனா சேருற மாஸ்க்கையும் ஒவ்வொரு தடவ போடும்போதும் இப்படித்தான் பாக்கணும். அப்புறம் அத மாட்டிக்கிட்டே லேத்துல குனிஞ்சு, சக்க இறுக்கி, பக்கத்துல இருக்குறவன சத்தமா கூப்பிட்டு, ஒரு கால் மணி நேரம் வேல பாருங்க, நழுவுனா கழிச்சுக்கட்டுங்க. கட்டர் ஆயில் புகை வர்ற எடம்னா என்95 மாதிரி 'N' எழுத்து வரிசை வேணாம், அது எண்ணெய்க்கு ஆகாது, ஆர் (R) இல்லன்னா பி (P) வரிசை கேளுங்க.

நல்லா எளச்சாலோ சதை போட்டாலோ, பல்செட் வச்சாலோ, மூஞ்சியில அடிபட்டுத் தழும்பு விழுந்தாலோ மறுபடி முதல்ல இருந்து பாக்கணும். சேந்த மாஸ்க்கோட மாடல் நம்பர போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க, கடைக்காரர் "அதே கம்பெனிதான் சார்"னு வேற மாடலத் தள்ளுவாரு, ஒரே கம்பெனியிலயே மாடலுக்கு மாடல் அச்சு வேற.